லுக்ரீசியாவைச் சுற்றி நின்றவர்கள்

1473ஆம் ஆண்டு, ஜெர்மானிய நகரமான உல்மில் அச்சான ஒரு புத்தகத்தில் சிறிய மரச்செதுக்குப் படம் ஒன்று இருக்கிறது. ஒரே சட்டத்துக்குள் ஒரே பெண் இரண்டு முறை வருகிறாள். ஒரு புறம் அவள் படுக்கையில் இருக்கிறாள். வாளோடு ஒருவன் நெருங்குகிறான். மறுபுறம் ஆண்கள் சிலர் பார்த்து நிற்க, தன் கையாலேயே தன் மார்பில் ஆயுதத்தைப் பாய்ச்சிக்கொள்கிறாள். அந்தப் பெண் லுக்ரீசியா. ரோமில் முடியாட்சி ஒழிந்து குடியரசு பிறக்கக் காரணமானவள் என்று ரோமானியர்கள் நினைவில் வைத்திருந்தவள்.

நூலகங்கள் இணையத்தில் ஏற்றியிருக்கும் படிகளில் இந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் கண் முதலில் ஆயுதத்துக்குத்தான் போகும். எனக்கும் அப்படித்தான் போனது. இரண்டாம் முறை, மூன்றாம் முறை பார்த்தபோதுதான் சுற்றி நிற்பவர்கள் கண்ணில் பட்டார்கள். அவர்கள் ஏன் அங்கே நிற்கிறார்கள்? அடுத்த ஐம்பது ஆண்டுகளில் அவர்கள் எங்கே போனார்கள்? ரோமானியப் பழங்கதைப் பெண்களை ஆரம்பகால அச்சுப் புத்தகங்கள் எப்படிக் காட்டின என்று பார்க்க இந்தக் கேள்விகளைவிட நல்ல வாசல் எனக்குத் தெரியவில்லை.

கதையை ரோமானிய வரலாற்றாசிரியர் லிவி சொன்னபடி நினைவுபடுத்திக்கொள்வோம். சம்பவம் நடந்ததாக மரபு சொல்லும் ஆண்டு கி.மு. 509. லிவி எழுதியது ஏறத்தாழ ஐந்து நூற்றாண்டுகள் கழித்து. அதனால் இதை நடந்த வரலாறாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. தங்கள் குடியரசு எப்படிப் பிறந்தது என்று ரோமானியர்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிக்கொண்ட கதை இது. ஆர்டியா நகரை ரோமப் படை முற்றுகையிட்டிருக்கிறது. இளவரசர்கள் குடித்துக்கொண்டே தங்கள் மனைவிமாரின் பெருமையைப் பேசுகிறார்கள். பேச்சு முற்றி, குதிரையேறி நேரில் போய்ப் பார்க்கிறார்கள். அரச குடும்பத்து மருமகள்கள் விருந்தில் இருக்க, கொலாட்டினஸின் மனைவி லுக்ரீசியா மட்டும் நள்ளிரவில் விளக்கொளியில் பணிப்பெண்களோடு கம்பளி நூற்றுக்கொண்டிருக்கிறாள். மன்னன் மகன் செக்ஸ்டஸ் டார்க்வினியஸ் அவளைப் பார்த்தது அப்போதுதான். சில நாள் கழித்து அவன் விருந்தாளியாகத் திரும்பி வருகிறான். இரவில் வாளை உருவிக்கொண்டு அவள் அறைக்குள் நுழைகிறான். சாவுக்கும் அவள் அஞ்சவில்லை என்று கண்டதும் வேறொரு மிரட்டலை எடுக்கிறான்: உன்னைக் கொன்று, ஓர் அடிமையையும் கொன்று பக்கத்தில் கிடத்துவேன், அவனோடு இருந்தபோது பிடிபட்டாய் என்று ஊர் சொல்லும்.

அடுத்து அவள் செய்வதைத்தான் நான் கவனிக்கச் சொல்வேன். தந்தைக்கு ரோமுக்கும் கணவனுக்கு ஆர்டியாவுக்கும் ஆள் அனுப்புகிறாள். வரும்போது நம்பகமான நண்பர் ஒருவரையும் உடன் அழைத்து வாருங்கள் என்று சொல்லி அனுப்புகிறாள். தந்தையோடு பப்ளியஸ் வலேரியஸ் வருகிறான். கணவனோடு லூசியஸ் ஜூனியஸ் புரூட்டஸ் வருகிறான். குடும்பத்துக்கு வெளியே இரண்டு பேர். லுக்ரீசியா சாட்சிகளைக் கூட்டுகிறாள். குற்றவாளியின் பெயரைச் சொல்கிறாள். உடல்தான் கெடுக்கப்பட்டது, மனம் குற்றமற்றது, அதற்கு மரணம் சாட்சி என்கிறாள். பழிவாங்குவோம் என்று அவர்களிடம் வாக்கு வாங்குகிறாள். பிழை உன்னுடையதல்ல என்று அவர்கள் ஆறுதல் சொல்கிறார்கள். குற்றத்திலிருந்து என்னை விடுவித்துக்கொள்கிறேன், தண்டனையிலிருந்து விடுவித்துக்கொள்ளவில்லை. இனி எந்தப் பெண்ணும் லுக்ரீசியாவைக் காரணம் காட்டிக் கற்பின்றி வாழக் கூடாது என்று சொல்லிவிட்டு, ஆடைக்குள் மறைத்து வைத்திருந்த கத்தியை மார்பில் இறக்குகிறாள். புரூட்டஸ் அந்தக் கத்தியை உருவி, அதில் வழியும் இரத்தத்தின் மேல் ஆணையிடுகிறான். கத்தி கை மாறிக் கை மாறிப் போகிறது. உடலைக் கொலாட்டியா ஊரின் பொதுவெளிக்குத் தூக்கிச் செல்கிறார்கள். அங்கிருந்து கிளர்ச்சி ரோமுக்குப் பரவுகிறது.

ஆக, இது அறைக்குள் முடியும் கதை இல்லை. ஒரு வாக்குமூலம், அதைக் கேட்ட நான்கு பேர், அதற்குப் பிறகு ஒரு நகரம். அந்த நான்கு பேரை எடுத்துவிட்டால் புரூட்டஸ் போய்விடுகிறான். புரூட்டஸ் போனால் குடியரசு போய்விடுகிறது.

லிவிக்குப் பிறகு வந்தவர்கள் ஆளுக்கொரு பக்கம் இழுத்தார்கள். ஓவிட் தன் கவிதையில், குத்திக்கொண்டு சாயும்போதும் ஆடை விலகாமல் கண்ணியமாக விழ வேண்டும் என்பதில் அவள் கவனமாக இருந்தாள் என்றார். இந்த வரியைக் கொஞ்சம் நினைவில் வைத்திருங்கள். ரோமானிய எழுத்தாளர் வலேரியஸ் மாக்ஸிமஸ் அவளை ரோமக் கற்பின் தலைவி என்று புகழ்ந்த கையோடு, விதி செய்த கொடிய பிழையால் ஓர் ஆண்மகனின் உள்ளம் பெண்ணுடலில் வந்து அமைந்துவிட்டது என்றும் எழுதினார். ஐந்தாம் நூற்றாண்டில் அகஸ்டின் கிறிஸ்தவப் பார்வையில் அவளைக் கூண்டில் ஏற்றினார்: அவள் சோரம் போனவள் என்றால் ஏன் புகழ வேண்டும், தூயவள் என்றால் ஏன் கொல்லப்பட வேண்டும்? தற்கொலையைப் பாவமாகக் கண்ட ஒரு சமயத்தின் கேள்வி அது. இந்த வாதப் பிரதிவாதங்களோடுதான் லுக்ரீசியா இடைக்காலத்துக்குள் வந்து சேர்ந்தாள்.

உல்ம் புத்தகத்தின் மூலநூல் இத்தாலிய எழுத்தாளர் பொக்காச்சியோவுடையது. புகழ்பெற்ற பெண்களைப் பற்றி மட்டும் ஒரு தொகுப்பை அவர் 1361, 1362 ஆண்டுகளில் லத்தீனில் எழுதத் தொடங்கி, 1375இல் சாகும்வரை திருத்திக்கொண்டே இருந்தார். மொத்தம் 106 வாழ்க்கைகள். ஏவாளில் தொடங்கும் அந்த வரிசையில் தெய்வங்களும் அரசிகளும் கவிஞர்களும் கொலைகாரிகளும் உண்டு. புகழ் என்ற சொல்லை அவர் அகலமான பொருளில் எடுத்துக்கொள்கிறார்: நல்லதோ கெட்டதோ, உலகம் அறிந்த பெண் என்றால் போதும். நூலை ஆல்டவில்லா சீமாட்டி ஆண்ட்ரியா அச்சாயூலிக்குப் படைத்திருக்கிறார். பெண்களைப் பாராட்டும்போதெல்லாம் அவர்களிடம் ஆண்மை இருந்தது என்று சொல்லியே பாராட்டுகிறார். வலேரியஸ் மாக்ஸிமஸின் குரல் அவர் தோள்மேல் உட்கார்ந்திருப்பதுபோல.

முதலில் படங்கள் வந்தது கையெழுத்துப் படிகளில்தான். 1401இல் நூல் பிரெஞ்சில் பெயர்க்கப்பட்டது. 1403இல் ஒரு படி பர்கண்டிக் கோமகன் பிலிப்புக்கும், 1404இல் இன்னொன்று பெர்ரிக் கோமகன் ஜானுக்கும் பரிசாகப் போயின. இரண்டும் இப்போது பாரிஸில் பிரான்சின் தேசிய நூலகத்தில் உள்ளன. ஏறக்குறைய ஒவ்வொரு பெண்ணுக்கும் ஒரு நுண்ணோவியம். தோல்தாளில் பொன்னும் நீலமும் இழைத்து, ஒரே ஒருவர் கையில் ஏந்திப் பார்ப்பதற்காகச் செய்யப்பட்டவை. அவற்றிலும் லுக்ரீசியா சுற்றியிருப்பவர்கள் முன்னால்தான் குத்திக்கொள்கிறாள். உல்ம் செதுக்கர் இந்தப் படிகளைப் பார்த்திருக்க வேண்டும் என்பதில்லை. கதையே அப்படித்தான் கேட்டது.

அதே பாரிஸில் 1405இல் எழுத்தாளர் கிறிஸ்டீன் தெ பிசான் பொக்காச்சியோவின் பெண்களை எடுத்து, ‘பெண்களின் நகரம்’ என்ற நூலில் வேறொரு நகரம் கட்டினார். அவர் நூலிலும் லுக்ரீசியா உண்டு. பெண்கள் பலாத்காரத்தை உள்ளூர விரும்புகிறார்கள் என்று ஆண்கள் சொல்லும் பொய்க்கு மறுப்பாக அவளை நிறுத்துகிறார். அவள் பொருட்டு, பெண்ணைக் கெடுப்பவனுக்கு மரண தண்டனை என்று சட்டம் வந்ததாகச் சிலர் சொல்கிறார்கள் என்றும் சேர்க்கிறார். பொக்காச்சியோவும் வலேரியஸ் மாக்ஸிமஸும் கேட்காத கேள்வியை அவர் கேட்டார்: செய்தவனுக்கு என்ன? ஆனால் அவருடைய நூலின் சிறந்த படிகளில் இருப்பவை மூன்று பகுதிக்கு மூன்று ஓவியங்கள். அவற்றில் கிறிஸ்டீன் இருக்கிறார், கொத்துக்கரண்டியோடு சுவர் எழுப்பும் பெண்கள் இருக்கிறார்கள். லுக்ரீசியாவுக்கெனத் தனிப்படம் இல்லை. அச்சிலும் அந்த நூல் தாமதமாகவே வந்தது. 1521இல் லண்டனில், அதுவும் ஆங்கில மொழிபெயர்ப்பாக. பொக்காச்சியோவின் பெண்கள் அதற்குள் அரை நூற்றாண்டாகப் படங்களோடு ஊர் ஊராகச் சுற்றிக்கொண்டிருந்தார்கள். லுக்ரீசியா யார் என்று ஐரோப்பியக் கண்களுக்குக் கற்றுக்கொடுத்தது யாருடைய புத்தகம் என்பதில் இந்த 50 ஆண்டு வித்தியாசத்துக்குப் பங்குண்டு.

உல்முக்கு வருவோம். யோஹான் சைனர் அந்த நகரில் அச்சகம் வைத்தவர். அவருக்குப் பின்னால் நின்றவர் நகர மருத்துவர் ஹைன்ரிஷ் ஷ்டைன்ஹோவெல். மொழிபெயர்ப்பில் பெரும் ஈடுபாடு உள்ளவர். பொக்காச்சியோவின் நூல் சைனரிடம் லத்தீனிலும், ஷ்டைன்ஹோவெலின் ஜெர்மனிலும், ஏறக்குறைய ஒரே நேரத்தில் வந்தது. இரண்டுக்கும் ஒரே படக்கட்டைகள். எண்ணிக்கை சுமார் 80. ஜெர்மன் பதிப்பு ஆஸ்திரியச் சீமாட்டி எலெனோருக்குப் படைக்கப்பட்டது. அவர் ஸ்காட்லாந்து மன்னன் முதலாம் ஜேம்ஸின் மகள், இலக்கிய ஆர்வலர். படமுள்ள அச்சுப் புத்தகம் என்பதே அப்போது பன்னிரண்டு வயதுக் குழந்தை: பாம்பர்க் நகரில் ஆல்பிரெக்ட் ஃபிஸ்டர் 1461இல் வெளியிட்ட நீதிக்கதைத் தொகுப்போடுதான் அது தொடங்கியது.

மரச்செதுக்கு எப்படி வேலை செய்கிறது என்று சொல்லாவிட்டால் இந்தப் படங்கள் ஏன் இப்படி இருக்கின்றன என்பது புரியாது. ஓவியர் கட்டைமேல் வரைகிறார். செதுக்குபவர் கோடுகளை விட்டுவிட்டு மற்ற இடத்தையெல்லாம் தோண்டி எடுக்கிறார். மேடாக நிற்கும் கோட்டில் மை பிடிக்கும். கட்டையின் உயரம் அச்செழுத்தின் உயரத்துக்குச் சமம். ஆகவே எழுத்தையும் படத்தையும் ஒரே சட்டத்தில் பூட்டி, ஒரே அழுத்தத்தில் அச்சடித்துவிடலாம். நம் லெட்டர்பிரஸ் அச்சகங்களில் கம்போஸ் செய்த எழுத்துக்கு நடுவே ‘பிளாக்’ வைத்தார்களே, அதன் பாட்டன் இது. வரைந்தவர் ஒருவர், செதுக்கியவர் இன்னொருவர், அச்சடித்தவர் மூன்றாமவர். ஆக்ஸ்பர்க் நகரில் யோஹானின் உறவினராகக் கருதப்படும் குன்டர் சைனர் அச்சகம் தொடங்கியபோது, மரம் செதுக்கும் கைவினைஞர்களின் சங்கம் எதிர்த்து நின்றது. சங்கத்து ஆட்களையே செதுக்க வைப்பது என்ற ஏற்பாட்டோடுதான் தகராறு தீர்ந்தது. லுக்ரீசியாவின் முகத்தைச் செதுக்கிய கை விளையாட்டுச் சீட்டும் புனிதர் படமும் செதுக்கிப் பழகிய கைகளின் வம்சத்தைச் சேர்ந்தது.

கோடு மெலிந்தால் மரம் உடையும். அதனால் உல்ம் படங்களில் நிழல் தீட்டுவது குறைவு; தெளிவான வெளிக்கோடுகள்தான் அதிகம். வண்ணத்தைப் பிறகு கையால் தீட்டிக்கொள்ளலாம். முகங்கள் எல்லாம் ஒரே சாயல். இவள் லுக்ரீசியா, அவள் கிளோலியா என்று முகத்தை வைத்துச் சொல்ல முடியாது. அதனால் கதாபாத்திரங்களின் பெயரைப் படத்துக்குள்ளேயே எழுதிவிட்டார்கள். பெயரும் சைகையும்தான் ஆளைக் காட்டும். ஆடையோ முழுக்க முழுக்க 15ஆம் நூற்றாண்டு ஜெர்மனி: தலைக்கட்டு, நீண்ட கவுன், ஆண்களுக்கு இறுகிய காலாடை. இதை அறியாமை என்று தள்ளிவிடுகிறவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. உல்மில் அந்தப் புத்தகத்தைத் திறந்த ஒரு வணிகர் மனைவிக்குப் பக்கத்துத் தெருவில் பார்க்கிற உடையில் லுக்ரீசியா நின்றாள். இரண்டாயிரம் ஆண்டுத் தூரம் ஒரு பக்கம் புரட்டும் நேரத்தில் கழன்றுபோனது.

புத்தகத்தின் முகப்பிலேயே ஒரு வேலைப்பாடு இருக்கிறது. லத்தீன் மூலத்தில் ஏவாளின் அத்தியாயம் S என்ற எழுத்தில் தொடங்கும். ஆதாம் ஏவாளுக்கு நடுவே மரத்தில் சுற்றியிருக்கும் பாம்பின் உடலே வளைந்து அந்த எழுத்தாகிறது. அங்கிருந்து கிளைவிடும் கொடி பக்கத்தின் மேல் விளிம்பில் ஓட, அதன் இலைகளுக்குள் ஏழு பெரும் பாவங்களின் உருவங்கள். அழகு என்றால் அழகு. ஆனால் பின்னால் வரும் பெண்கள் எல்லோரும், லுக்ரீசியாவும்கூட, இந்தக் கொடிக்குக் கீழேதான் வரிசையாக வர வேண்டியிருக்கிறது. வாசகர் ஒரு சொல் படிக்கும் முன்பே பக்கம் தீர்ப்பைத் தொடங்கிவிடுகிறது.

தனாக்வில் கதையில் இது இன்னும் கூர்மையாகத் தெரியும். லிவியில் அவள் ரோமுக்கு வடக்கே வாழ்ந்த எட்ருஸ்க மக்களின் பெருங்குடிப் பெண். கணவனை ரோமுக்குக் கிளப்பிக்கொண்டு வருவதே அவள்தான். கழுகு வந்து கணவன் தொப்பியைத் தூக்கிச் சென்று மீண்டும் தலையில் வைக்கும்போது, அது அரசனாவதற்கான நிமித்தம் என்று படித்துச் சொல்கிறாள். அவன் கொல்லப்பட்டதும் அரண்மனைக் கதவுகளை அடைக்கச் சொல்லி, மாடிச் சன்னலில் நின்று கூட்டத்தோடு பேசி, மன்னர் பிழைத்துக்கொள்வார் என்று நம்ப வைத்து, சர்வியஸ் டுல்லியஸை அரியணைக்குக் கொண்டுவருகிறாள். இரண்டு மன்னர்களை உருவாக்கிய பெண். அவளுக்கு காயா சிசிலியா என்று இன்னொரு பெயரும் உண்டு என்றும், அவள் நூற்ற கம்பளி கோயில் ஒன்றில் காக்கப்பட்டது என்றும் வேறொரு மரபு இருந்தது. ரோமானிய எழுத்தாளர் பிளினி அதைக் குறித்து வைத்திருக்கிறார். பொக்காச்சியோ எழுதியது இந்த இரண்டாம் பெண்ணை மட்டும். அவர் நூலில் அவள் காயா சிரில்லா: மன்னனின் மனைவி, கம்பளி வேலையில் கெட்டிக்காரி, ரோமானிய மணப்பெண்கள் வீடு புகும்போது நல்ல சகுனமாகச் சொன்ன பெயருக்கு உரியவள். சன்னலும் இல்லை, கழுகும் இல்லை. மூலத்தில் சன்னல் இல்லாதபோது செதுக்குபவர் அதை எங்கிருந்து கொண்டுவருவார்? தறியும் நூலுமாக அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

கிளோலியாவுக்கு வேறு விதமாக நேர்ந்தது. எட்ருஸ்க மன்னன் போர்செனாவிடம் பிணையாகக் கொடுக்கப்பட்ட ரோமப் பெண்களில் ஒருத்தி. லிவியில் அவள் மற்றப் பெண்களுக்குத் தலைமை தாங்கி, எதிரிகள் ஈட்டி மழை பொழிய, டைபர் ஆற்றை நீந்திக் கடக்கிறாள். குதிரை கடைசியில்தான் வருகிறது, சிலையாக: ரோம மக்கள் இந்தப் புதுவகைத் துணிச்சலுக்குப் புதுவகை மரியாதையாகப் புனித வீதியின் உச்சியில் குதிரைமேல் அமர்ந்த பெண்ணின் சிலையை வைத்தார்கள். பொக்காச்சியோ சொல்லும் வடிவத்திலோ அதுவரை குதிரையே ஏறியறியாத பெண் கிடைத்த குதிரையில் ஏறி ஆற்றில் இறங்கிவிடுகிறாள். சிலையிலிருந்த குதிரை தண்ணீருக்குள் வந்துவிட்டது. படம் வரைபவருக்கு இதைவிட என்ன வேண்டும்? ஆறு, குதிரை, பெண். இந்தத் தொகுப்பில் ஒரு பெண் வெளியே, திறந்த வெளியில், தன் காரியத்துக்காக நகரும் படங்களில் இதுவும் ஒன்று; பார்க்கும்போது எனக்கு மனம் கொஞ்சம் லேசாகிறது. டைபரில் தரைதட்டி நின்ற கப்பலைத் தன் இடைக்கச்சையைக் கட்டி இழுத்த கிளாடியா க்வின்டாவும் அப்படித்தான். கி.மு. 204இல் பெரும் தாய்த்தெய்வத்தை ஏற்றி வந்த கப்பல் அது. ஊர் அவள் நடத்தையைச் சந்தேகித்துப் பேசிக்கொண்டிருந்தபோது, இழுத்துக் காட்டி வாயடைத்தாள்.

எல்லோருக்கும் அப்படி வாய்க்கவில்லை. வெர்ஜீனியா லிவியின் கதையில் ஒரு சொல்கூடப் பேசுவதில்லை. அதிகாரத்திலிருந்த ஆப்பியஸ் கிளாடியஸ் அவளை அடைய நினைத்து, அவள் தன் கையாளின் அடிமைக்குப் பிறந்தவள் என்று அந்தக் கையாளை வைத்தே வழக்குப் போடுகிறான். தீர்ப்புச் சொல்பவனும் அவனே. தந்தை மகளைக் கடைகளின் பக்கம் ஒதுக்கி அழைத்துப்போய், கசாப்புக் கத்தியை எடுத்து, உன்னை விடுதலை செய்ய எனக்கு இந்த ஒரு வழிதான் இருக்கிறது என்று குத்திக் கொல்கிறான். இங்கேயும் ஓர் ஆட்சி விழுகிறது. பொக்காச்சியோ அத்தியாயத்தின் இறுதியில் கெட்ட நீதிபதிகள்மேல் பாய்கிறார். படம் என்ன செய்ய முடியும்? வழக்கின் மோசடியை ஒரு கட்டத்துக்குள் வரைய முடியாது. தந்தையும் மகளும் கத்தியும்தான் மிஞ்சும். லுக்ரீசியாவின் கத்தி அவள் கையில். இவளுடையது இன்னொருவர் கையில். படங்களை மட்டும் புரட்டுகிறவருக்கு இரண்டும் ஒரே குவியலில் போய்ச் சேரும் ஆபத்து இருக்கிறது.

எழுத்துக்கும் படத்துக்கும் இடையே இந்த மாதிரி இடைவெளி நூல் முழுக்க இருக்கிறது. ரோமுலஸின் தாய் ரேயா இலியாவின் அத்தியாயத்தைப் படித்தால் ஆச்சரியம் காத்திருக்கும். சித்தப்பன் அமூலியஸ் அவளை வெஸ்டா தெய்வத்தின் கன்னிப் பூசாரியாக்கினான், அவள் இரட்டைப் பிள்ளைகளைப் பெற்றாள், உயிரோடு புதைக்கப்பட்டாள் என்று சொல்லிவிட்டு, பொக்காச்சியோ தன் காலத்துப் பெற்றோர்மேல் திரும்புகிறார்: சீதனச் செலவுக்குப் பயந்து, விவரம் அறியாத சிறுமிகளைக் கடவுளின் பெயரால் கன்னிமாடத்தில் அடைக்கிறீர்களே என்று. நூலின் மிகவும் மனிதத்தன்மையுள்ள பக்கங்களில் ஒன்று அது. அதற்குப் படம் கிடையாது. மாறாக, ரோமை எதிர்த்துப் படையெடுத்து வந்த தன் மகன் கொரியோலானஸின் முகாமுக்கே போய், என்னைத் தழுவுமுன் சொல், நான் வந்திருப்பது மகனிடமா எதிரியிடமா என்று கேட்டு ரோமைக் காப்பாற்றிய வெட்டூரியாவைப் புகழ்ந்துவிட்டு, அதற்குப் பரிசாகச் செனட் பெண்களுக்குத் தந்த சலுகைகளைப் பற்றி அவர் நீளமாகப் புலம்புகிறார்: பொன், கருஞ்சிவப்பு ஆடை, ஆண்கள் எழுந்து வழிவிடுவது. அந்தப் புலம்பலுக்கும் படம் கிடையாது. அங்கே படம் வெட்டூரியாவுக்குத்தான் நல்லது செய்தது. தாயும் மகனும் எதிரெதிரே நிற்கும் காட்சிதான் கண்ணில் நிற்கும், ஆசிரியரின் எரிச்சல் நிற்காது.

மார்சியாவையும் சொல்லாமல் விட மனமில்லை. அவள் பழங்கதைக் காலத்தவள் இல்லை. ரோமானியக் குடியரசின் பிற்பகுதியில் வாழ்ந்த ஓவியரின் நினைவு பொக்காச்சியோவிடம் இந்தப் பெயரில் வந்து சேர்ந்திருக்கிறது. கண்ணாடியைப் பார்த்துத் தன் முகத்தைத் தானே வரைந்தவள். 1403ஆம் ஆண்டுப் பிரெஞ்சுப் படியில், ஒரு கையில் சிறு கண்ணாடியை ஏந்தி, மறு கையால் தூரிகை பிடித்து, தான் வரையும் தன் உருவப்படத்தின் உதட்டுக்குச் சிவப்பு தீட்டிக்கொண்டிருக்கிறாள். மற்றப் பெண்களையெல்லாம் பிறர் வரைய, இவள் ஒருத்தி தன்னைத் தானே வரைகிறாள். கிறிஸ்டீன் தன் நூலில் பாரிஸில் தான் அறிந்த அனஸ்தாசியா என்ற பெண் ஓவியரைப் பாராட்டுகிறார். பக்க ஓரங்களை அலங்கரிப்பதில் அவருக்கு இணையில்லை என்கிறார். இந்த மரபில் பெண்களின் கையும் இருந்தது என்பதற்கு அந்த ஒரு பெயர் போதும்.

உல்ம் படங்கள் வேகமாகப் பரவின. 1479இல் ஆக்ஸ்பர்கில் ஆன்டன் சோர்க், 1487இல் லூவேனில் இன்னோர் அச்சகர், 1494இல் ஸ்பெயினின் சரகோசாவில் பவுல் ஹுரூஸ் என்று ஒருவரைப் பார்த்து ஒருவர் நகலெடுத்தார்கள். அச்சான படத்தை அப்படியே புதுக் கட்டையில் ஒட்டிச் செதுக்கினால் அடுத்த அச்சு கண்ணாடிப் பிம்பமாக இடவலம் மாறி வரும். ஓர் ஆளின் படம் என்றால் பரவாயில்லை. ஒரே சட்டத்தில் இரண்டு நேரம் காட்டும் படத்தில் இது நேர்ந்தால், இடமிருந்து வலம் படிக்கும் கண்ணுக்கு முடிவு முதலிலும் தொடக்கம் பிறகும் வந்துவிடும். கதை தெரிந்தவருக்குக் குழப்பமில்லை. படத்தை வைத்தே கதையைக் கற்றுக்கொள்பவருக்கு உண்டு.

செலவைக் குறைக்க இன்னொரு வழி, ஒரே கட்டையைப் பல பெயருக்குப் பயன்படுத்துவது. 1493ஆம் ஆண்டின் புகழ்பெற்ற நியூரம்பெர்க் உலக வரலாற்றில் 1800க்கும் மேற்பட்ட படங்களுக்குக் கட்டைகள் ஏறத்தாழ 650தான். பெண்களுக்கென்றே பெர்காமோவைச் சேர்ந்த துறவி ஃபொரெஸ்டி தொகுத்து 1497இல் ஃபெராராவில் அச்சான பெரிய நூலிலும் இதே கதை. அவர் காலத்துச் சீமாட்டிகள் சிலருக்கு உண்மையான உருவப்படத்தின் சாயல் இருக்கிறது. பழங்காலப் பெண்களோ ஒரே முகத்தை ஆளுக்கு ஆள் மாற்றிப் போட்டுக்கொள்கிறார்கள். சைகை போய், வெறும் பெயர் நின்றது. இதற்கு எதிர்த்திசையில் போனவை லிவியின் படப்பதிப்புகள்: 1493இல் வெனிஸில் இத்தாலிய மொழியில் நூற்றுக்கணக்கான சிறு படங்களோடு ஒன்று, 1505இல் மைன்ஸில் யோஹான் ஷோஃபர் அச்சிட்ட முதல் ஜெர்மன் லிவி 200க்கும் மேற்பட்ட படங்களோடு இன்னொன்று. அங்கே பெண்கள் தனி அத்தியாயத்துக்குள் ஒதுங்காமல் படையெடுப்புகளுக்கும் முற்றுகைகளுக்கும் நடுவே வருகிறார்கள். அந்தப் பதிப்புகளைப் புரட்டும்போதுதான் இது ஒரு நகரத்தின் கதை என்ற உணர்வு திரும்பக் கிடைக்கிறது.

ஆனால் காற்று வேறு பக்கம் அடித்தது. ஏறத்தாழ 1511, 1512 ஆண்டுகளில் இத்தாலியச் செதுக்கர் மார்க்கன்டோனியோ ரைமோண்டி, ஓவியர் ரஃபேலின் வரைபடத்தைக் கொண்டு லுக்ரீசியாவைச் செப்புத் தகட்டில் செதுக்கினார். செப்புத் தகட்டில் கோடு பள்ளத்தில் இருக்கும். எழுத்தோடு சேர்த்து அச்சடிக்க முடியாது, அதற்குத் தனி உருளை அழுத்தம் வேண்டும். அதனால் அந்தப் படம் புத்தகத்தின் துணையின்றித் தனித்தாளாகவே விற்றது. படத்திலும் அவள் தனியாகவே நிற்கிறாள். சிலைபோன்ற உடல், நீட்டிய கை, பின்னால் நிலக்காட்சி, ஓரத்தில் இழிவாக வாழ்வதைவிடச் சாவது மேல் என்று கிரேக்கத்தில் ஒரு வாசகம். தந்தை இல்லை, கணவன் இல்லை, வலேரியஸ் இல்லை, புரூட்டஸ் இல்லை. அடுத்த சில பத்தாண்டுகளில் வட ஐரோப்பாவில் இந்தத் தனி லுக்ரீசியா பெருகினாள், பல வேளைகளில் ஆடையின்றி. சாகும் நேரத்திலும் ஆடை விலகக் கூடாது என்று கவலைப்பட்டவள் என ஓவிட் எழுதிய அதே பெண். வாக்குமூலம் கொடுத்தவள் பார்க்கப்படும் உடலானாள். கேட்டவர்கள் நின்ற இடத்தில் இப்போது வாங்கிப் பார்ப்பவர் நிற்கிறார்.

புத்தகங்களுக்குள்ளும் அவள் இந்த வடிவத்திலேயே திரும்பி வந்தாள். லண்டன் ஃபிளீட் வீதியில் தாமஸ் பெர்த்தலெட் என்ற அச்சகர் தன் கடைக்கு லுக்ரீசியாவையே அடையாளப் பலகையாக வைத்திருந்தார். அவர் புத்தகங்களில் அச்சகச் சின்னமும் அவளேதான்: நிலக்காட்சிக்கு நடுவே மார்பில் கத்தியோடு ஒற்றையாக நிற்கும் பெண், ‘லுக்ரீசியா ரோமானா’ என்ற பெயர், கீழே அச்சகரின் பெயர். பெர்த்தலெட் 1530இலிருந்து எட்டாம் ஹென்றி மன்னரின் அரச அச்சகர். மன்னரின் பிரகடனங்களும் நாடாளுமன்றச் சட்டங்களும் அவர் அச்சகத்திலிருந்துதான் வெளிவந்தன. எந்தப் பெண்ணின் சொல்லைக் கேட்டு நான்கு பேர் கத்தியின் மேல் ஆணையிட்டு ஒரு மன்னனை ரோமிலிருந்து விரட்டினார்களோ, அந்தப் பெண் மன்னரின் ஆணைகள் அச்சாகும் கடையின் வாசலில் தனியாகத் தொங்கிக்கொண்டிருந்தாள்.